மலக்குழிச் சாவைச் சொல்ல எந்த வடிவம்: வீதியா, அரங்கமா, ஆவணப்படமா, கதைப்படமா?

மதுரையைச் சேர்ந்த எட்டுப் பேர் கொண்ட இளைஞர் குழு சென்ற மாதம் என்னைத் தேடி வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துபோன தொழிலாளியின் கதை அவர்களிடம் இருந்தது. அவருடைய மனைவியோடு ஓராண்டுப் பழக்கமும் இருந்தது. கையில் சுமார் மூன்று லட்ச ரூபாய், அடுத்த ஆண்டின் சனி ஞாயிறுகள், ஆளுக்கொரு பிழைப்பு: இவ்வளவுதான் முதலீடு. இதை வீதி நாடகமாகப் போடுவதா, அரங்க நாடகமாக வளர்ப்பதா, ஆவணப்படம் எடுப்பதா, துணிந்து கதைப்படமாகவே இறங்கிவிடுவதா என்பது அவர்கள் கேள்வி. இருபது ஆண்டுகளில் பாதியைத் தெருமுனையிலும் மீதியை எடிட்டிங் மேசையிலும் கழித்தவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். அன்று மூன்று மணி நேரம் பேசியதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு இந்தப் பொருள் வசதியானது. ஏனென்றால் தமிழில் நான்கு வடிவங்களிலும் இது சொல்லப்பட்டுவிட்டது. மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் பெண்ணின் அன்றாட வேலையை அமுதன் ஆர்.பி. 2003இல் ‘பீ’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் வந்தது. அதே ஆண்டில் ஜெயராணி எழுதி ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கிய ‘மஞ்சள்’ நாடகம் சென்னையில் மேடையேறியது. 2022இல் தீபக் இயக்கிய ‘விட்னஸ்’ கதைப்படமாக ஓடிடியில் வெளியானது. வீதி நாடகங்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே ‘யாரும் தொடாத பொருள்’ என்ற பெருமிதத்தோடு தொடங்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். முன்னால் நடந்தவர்களின் தடம் இருப்பது நல்லதுதான். எந்தப் பாதையில் எங்கே குழி இருக்கிறது என்பது தெரியும்.

வடிவத்தைப் பேசுவதற்கு முன் பார்வையாளர் யார் என்பதைப் பேச வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகையைக் கேட்டுப் பெறும் வழி தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன. தொட்டி நிரம்பியதும் தொலைபேசியை எடுத்து லாரிக்காரரை அழைத்து, ‘ஆளை இறக்கியாவது முடித்துக் கொடுங்கள்’ என்று சொல்லும் குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். இந்த மூவருக்கும் ஒரே படைப்பால் பேசிவிடலாம் என்று நினைப்பதுதான் எங்களைப் போன்றவர்கள் தொடக்கத்தில் செய்யும் பிழை. மலக்குழிக்குள் இறங்குபவருக்கு மலக்குழி எப்படி நாறும் என்று நாடகம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

வீதி நாடகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் பலம் சிக்கனம். டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் நாடகக் குழு 1978இல் வீதிக்கு வந்ததற்குக் கொள்கை மட்டும் காரணமன்று. நெருக்கடி நிலைக்குப் பிறகு பெரிய மேடை நாடகங்களுக்குச் செலவு செய்ய அவர்களை அழைக்கும் தொழிற்சங்கங்களிடம் பணமில்லை என்பதும் காரணம். தமிழிலும் பரீக்‌ஷா, நிஜ நாடக இயக்கம் தொடங்கிப் பிரளயனின் சென்னைக் கலைக்குழு வரை 1970களின் பிற்பகுதியிலிருந்து உருவான குழுக்கள் வேட்டி, துண்டு, பறை, நான்கு மூங்கில் கழிகள் ஆகியவற்றோடு ஊர் ஊராகப் போக முடிந்ததும் இதனால்தான். எட்டுப் பேர், இரண்டு மாதத்துச் சனி ஞாயிறுகள் என்று கணக்கிட்டால் பதினாறு நாள் ஒத்திகை, அதாவது 128 ஆள்நாள் உழைப்பு. அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்வுக்கும் வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும்தான். துண்டேந்தினால் அதில் பாதி திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது பலம், நாடகத்தை நாளைக்கே திருத்த முடியும் என்பது. 30 லட்சம் என்று தீர்ப்பு வந்த மறுநாளே வசனத்தில் பத்தை முப்பதாக்கிப் பேசிவிடலாம். அதற்கு முன்பே முடித்துவிட்ட படத்தில் பாத்திரம் ‘பத்து லட்சம்’ என்று சொல்லியிருந்தால், அது அப்படியே நிற்கும். பார்க்கும் குடும்பம் அதையே நம்பிவிடவும் கூடும்.

திருத்தத்தைப் பற்றி எனக்கு மறக்க முடியாத அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் இரவு ஏழரை மணிக்கு ஆடிக்கொண்டிருந்தோம். எங்கள் நடிகர் வாளியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி நடந்தார். வட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா எழுந்தே விட்டார். “மூஞ்சியச் சுளிச்சா வேல ஓடுமாய்யா? ஒரு கையால மூக்கப் பொத்துனா வாளிய எதுல தூக்குறது?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து, வாளியை வாங்கி, இடுப்பில் அணைத்துக் குழந்தையைப் போல ஏந்திக் காட்டினார். “வெத்தலையப் போட்டுக்கிட்டா நாத்தம் தெரியாது” என்று மடியிலிருந்து சுருக்குப் பையையும் எடுத்து நீட்டினார். கூட்டம் சிரித்தது, எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஊரில் அந்தக் காட்சி இடுப்பில் வாளியோடும் வாயில் வெற்றிலையோடும்தான் நடந்தது. முகச்சுளிப்பு பார்ப்பவருடையது, செய்பவருடையது அன்று என்பதை அந்த அம்மாதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் அதைச் சொன்னபோது அது படமாக இருந்திருந்தால், தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர நாங்கள் வேறெதுவும் செய்திருக்க முடியாது.

பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. 1990களில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் வீதி நாடகத்தை ஊரெங்கும் கொண்டு சேர்த்தன. அதற்குப் பின்னால் நிதி வாங்கி நடத்தப்பட்ட விழிப்புணர்வு நாடகங்கள் அதே வடிவத்தைச் சலிப்பாக்கிவிட்டன. பறைச் சத்தம் கேட்டதும் “கக்கூஸ் கட்டச் சொல்ல வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருப்பதால் நுணுக்கம் போய்விடும். கணவனை இழந்தவளின் மௌனத்தைத் தெருமுனையில் காட்டுவது மிகக் கடினம். வீதி நாடகம் ஒரு கேள்வியை உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். ஆபத்தும் சிறிதன்று. 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய ஜண்டாபூரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தாக்கப்பட்ட, ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குத் திரும்பிப் போய்க் குழுவினர் நாடகத்தை முடித்தார்கள். அந்தத் துணிவைப் பேசுகிறவர்கள், எட்டுப் பேரில் யார் யார் வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதையும் பேசிக்கொள்வது நல்லது.

இதையொட்டி விவாத அரங்கு என்ற கிளையும் உண்டு. பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய முறையில் பார்வையாளரே எழுந்து வந்து பாத்திரத்தின் முடிவை மாற்றி நடித்துக் காட்டலாம். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கப்பட்ட ஜன சம்ஸ்கிருதி குழு இதைக் கிராமங்களில் செய்துவருகிறது. அருமையான முறைதான். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி கைகட்டி நிற்கும்போது, ‘நீங்கள் என்ன சொல்வீர்கள், வந்து நடித்துக் காட்டுங்கள்’ என்று தொழிலாளியை அழைத்தால், அவர் நடிப்பதற்கான விலையை மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது கொடுப்பார். குடியிருப்புக்குள் மட்டும், தெரிந்தவர்கள் நடுவில் மட்டும் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

அரங்க நாடகம் வேறு பார்வையாளருக்கானது. ஒளியும் இருளும் நம் கையில் இருக்கும். தொண்ணூறு நிமிடம் கதவைச் சாத்தி உட்காரவைக்கலாம். மௌனம் மௌனமாகவே போய்ச் சேரும். தொட்டியை நிரப்புகிறவர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள், நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்காரும் இடம் அது. ஆனால் மூன்று லட்ச ரூபாயில் அரங்க வாடகை, ஒளியமைப்பு, ஒலி என்று பார்த்தால் பெரிய ஊரில் நான்கைந்து நிகழ்வுகளோடு பணம் தீர்ந்துவிடும். பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நம் கருத்தோடு உடன்படுகிறவர்கள் என்பதும், முடிந்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டே ‘ஒளியமைப்பு நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்பதும் கசப்பான அனுபவம். என்னிடம் கேட்டால், அதே நாடகத்தை அரங்கத்தை விட்டு வெளியே எடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில், ஆண்டுப் பொதுக்குழு நடக்கும் நாளில் முப்பது நிமிடமாகச் சுருக்கிப் போடச் சொல்வேன். அந்த அறையில் லாரிக்காரரின் எண்ணைக் கைபேசியில் வைத்திருப்பவர் உட்கார்ந்திருப்பார்.

அனுமதி விஷயத்தில் நாடகத்துக்கும் படத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் குறிவைத்துக் கொண்டுவரப்பட்டதாகப் பேசப்படும் 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, பரீக்‌ஷா குழுவின் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்தது. தெருவில் கூட்டம் கூட்டுவதற்கும் ஒலிபெருக்கிக்கும் காவல்துறை அனுமதி இன்றும் தேவைதான். அரங்க உரிமையாளர்கள் தாங்களாகவே காவல்துறைக் கடிதம் கேட்பதும் உண்டு. ஆனாலும் வசனத்துக்கு முன்தணிக்கை என்ற நிலை நாடகத்துக்கு இல்லை. படத்துக்கோ 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுத் திரையிடல் என்றால் பத்து நிமிடக் குறும்படமானாலும் சான்றிதழ் வேண்டும். தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் பற்றிய லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ 2011இல் முதலில் சான்றிதழ் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் விடுபட்டது. அந்தத் தீர்ப்பாயமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது; இப்போது மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம்தான் வழி. அதற்கான வழக்கறிஞர் செலவை எட்டுப் பேரின் மூன்று லட்சத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது? திரைப்பட விழாக்களுக்கு விலக்கு உண்டு என்பார்கள். 2017இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கே மறுக்கப்பட்டது. இன்னொன்று, சொன்னால் சிரிப்பு வரும்: கதைப்படத்தின் ஒரு காட்சியில் ஆடு குறுக்கே போனாலும் விலங்கு நல வாரியத்தின் சான்று கேட்பார்கள். மலக்குழிக்குள் மனிதனை இறக்கிக் காட்டுவதற்கு அப்படி எந்த வாரியமும் இல்லை.

ஆவணப்படத்துக்கு வருகிறேன், நான் அதிகம் தயங்குவது இங்கேதான். அதன் பலம் மறுக்க முடியாதது. நாடகத்தைப் பார்த்தவர் ‘கதைதானே’ என்று சொல்லித் தப்பிக்கலாம், படத்தில் தெரியும் தொட்டி மூடியையும் அதற்குள் இறங்கும் உடம்பையும் அப்படி ஒதுக்க முடியாது. ஆணையத்தின் முன்னும் நீதிமன்றத்திலும் காட்டப் பதிவு வேண்டும். ‘கக்கூஸ்’ படத்தின் திரையிடலுக்குப் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநருக்கு மிரட்டல்களும் வழக்குகளும் வந்தன. ஆனால் படம் யூடியூபில் ஏறியதும் எந்த ஊர்க் காவல்நிலையத்தாலும் அதைத் தடுக்க முடியவில்லை. எட்டு நடிகர்கள் நுழைய முடியாத அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியைத் தாண்டி வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத் துண்டு போய்விடும்.

தயக்கம் முகத்தைப் பற்றியது. நாடகத்தில் நடிகர் தம் முகத்தைத் தொழிலாளிக்குக் கடன் கொடுக்கிறார். ஆவணப்படத்தில் தொழிலாளியின் முகத்தை நாம் கடன் வாங்குகிறோம். திருப்பிக் கொடுக்கும் வழி பெரும்பாலும் இல்லை. நாங்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்றுக்கு நாற்பது மணி நேரப் பதிவு இருந்தது. அதில் மிகச் சிறந்த பதினொரு நிமிடம் ஒரே தொழிலாளி பேசியது. அதிகாலை நான்கு மணிக்குச் சாயா குடித்தபடி, சிரித்துக்கொண்டே, எந்தத் தெருவில் எந்த மூடியைத் திறந்தால் என்ன வாடை வரும் என்று வரைபடம் போலச் சொல்வார். எடிட்டிங் முடியப்போகும் வாரத்தில் அவர் தொலைபேசியில் அழைத்தார். “சூப்பர்வைசர் கேட்டுட்டாரு தம்பி. என் மூஞ்சிய எடுத்துருங்க. புள்ள காலேஜ் போகுது” என்றார். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எங்களிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முதலில் முகத்தை மங்கலாக்கிப் பார்த்தோம். திரையில் பிடிபட்ட குற்றவாளியைப் போலத் தெரிந்தார். எதுவும் திருடாத மனிதரை அப்படிக் காட்ட மனம் வரவில்லை. கடைசியில் அவர் பேசியதை வேறொருவரைக் கொண்டு பேசவைத்து, சாயா கிளாஸைப் பிடித்திருந்த கையை மட்டும் வைத்தோம். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை.

ஆகவே ஆவணப்படம் எடுப்பதாக முடிவு செய்தால், எடிட்டிங் முடிந்த பிறகு படத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது, அன்று வேண்டாம் என்றால் எடுத்துவிடுவது, யூடியூபில் ஏற்றுவதற்குத் தனியாக ஒப்புதல் வாங்குவது ஆகிய மூன்றையும் செலவுக் கணக்கிலும் கால அட்டவணையிலும் எழுதிவைக்க வேண்டும். கேமரா வாடகையை எல்லோரும் எழுதுகிறார்கள், இதை யாரும் எழுதுவதில்லை.

கதைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்று லட்சத்தில் அதைத் தொடங்கலாம், முடிப்பது கடினம். முடித்தாலும் பார்வையாளரிடம் போய்ச் சேர வேறு மலை இருக்கிறது. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதைப் பெற்று, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. தமிழ்க் குடும்பங்கள் அதை ஓடிடியில் பார்க்கக் கிடைத்தது 2023 அக்டோபரில்தான். உலகப் பரிசு பெற்ற படத்துக்கே இரண்டரை ஆண்டுக்கு மேல் என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டாம். திரையரங்கு என்றால் டிஜிட்டல் திரையிடலுக்காக ஒவ்வொரு திரைக்கும் கட்ட வேண்டிய ‘கியூப் காசு’ முதல் சுவரொட்டி வரை தயாரிப்புச் செலவுக்கு நிகராக இன்னொரு செலவு நிற்கும். மக்களிடமே வசூலித்து எடுக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவினரும் கேரளத்தின் ஊர்களில் சாப்ளின் படத்தைத் திரையிட்டுச் சிறுசிறு தொகையாகச் சேர்த்து 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்ததை அவர் படித்திருந்தார். அது உண்மைதான். ஆனால் அங்கே படத்துக்கு முன்பே திரையிடல் இயக்கம் ஒன்று உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்தவர்களே பிறகு பார்வையாளர்களும் ஆனார்கள். அந்த உழைப்பைச் செய்யத் தயாரில்லாமல் இணையத்தில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் போட்டால் நண்பர்களின் பணம்தான் வரும், அதுவும் ஒரு முறைதான். ஒரு குடும்பத்துக்குள் நடப்பதை, நஷ்ட ஈட்டுப் பணம் வந்த பிறகு மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மூளும் சண்டையை, அப்பா எப்படிச் செத்தார் என்று பள்ளியில் சொல்லக் கூசும் பையனைச் சொல்ல வேண்டுமென்றால் கதைப்படத்துக்கு இணையில்லை. அப்படியானால் திரைக்கதையை எழுதிவைத்துக்கொண்டு தயாரிப்பாளர் கிடைக்கும் வரை காத்திருங்கள் என்றேன்.

இவர்களுக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் ஆறு மாதம் வீதி நாடகம், அதுவும் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில். வாளியை எப்படிப் பிடிப்பது என்று அங்கே கற்ற பிறகு, சுருக்கிய வடிவத்தை அடுக்குமாடிச் சங்கங்களின் கூட்ட அறைகளுக்குக் கொண்டு போவது. பணத்தில் பாதியைத் தொடாமல் வைத்திருந்து, நாடகம் வழியாகப் பழகிய குடும்பங்களில் யாராவது தாமாக முன்வந்து கேமரா முன் பேச விரும்பினால் ஆவணப்படத்தைத் தொடங்குவது. இந்த வரிசை தலைகீழாக வேண்டிய சூழலும் உண்டு. சாவு நேற்று நடந்திருந்தால் ஒத்திகை, பறை என்ற பேச்சுக்கே இடமில்லை. கைபேசியையாவது எடுத்துக்கொண்டு ஓடி, தொட்டியின் மூடியையும் பக்கத்தில் கிடக்கும் கயிற்றையும் லாரியின் எண்ணையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டே நாளில் மூடியின் மேல் புதுச் சிமென்ட் பூசியிருப்பார்கள்.

குழுவில் இருவருக்கு இன்னும் ஆவணப்படத்தின் மீதுதான் மனம். இறந்தவரின் மனைவி நன்றாகப் பேசுவார், அவர் முகமே போதும் என்கிறார்கள். நான் அதற்கு விடை சொல்லவில்லை, அவரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், கேமராவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று அவர் சொன்னதாக நேற்று தகவல் வந்தது.